தலையில் இல்லாத ஹெல்மெட்: கிரிக்கெட் கவசத்தின் கதை

இந்த எபிசோடுக்கு ஒரு மைதானம், ரெண்டு தேதி, ஒரு பொருள் போதும். மைதானம், பார்படோஸ் தீவில் பிரிட்ஜ்டவுன் நகரத்தில் இருக்கும் கென்சிங்டன் ஓவல். பொருள், ஹெல்மெட்.

முதல் தேதி 1962 மார்ச். இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றுப்பயணத்தில் இருக்கிறது. பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் நம்ம கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தொடக்க ஆட்டக்காரராக இறங்குகிறார். வயது 28. பந்து போடுபவர் சார்லி கிரிஃபித். பந்து வரும் நேரத்தில் பெவிலியனில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள், ஒரு கணம் கவனம் அங்கே போய்விட்டது என்று கான்ட்ராக்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. பந்து தலையின் பக்கவாட்டில் மோதி மண்டையோடு உடைந்தது. ஆறு நாள் நினைவில்லை. அறுவை சிகிச்சைக்கு ரத்தம் தேவைப்பட்டபோது, எதிரணியான மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் ஃபிராங்க் வொரெல் வந்து ரத்தம் கொடுத்தார்.

கான்ட்ராக்டர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு அவர் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. அடுத்த டெஸ்டுக்கு 21 வயதுப் பட்டோடி கேப்டன் ஆனார். பிறகு தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில்தான் கான்ட்ராக்டரின் தலைக்குள் உலோகத் தகடு பொருத்தினார்கள். அந்தத் தகட்டை எடுத்தது எப்போ தெரியுமா? 2022-ல். அறுபது வருஷம் அவர் அதைத் தலையில் சுமந்தார்.

இரண்டாவது தேதி 1978 மார்ச். அதே கென்சிங்டன் ஓவல். ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு பேட்டிங் செய்ய வருகிறார். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஹெல்மெட் போட்டு ஆடிய முதல் ஆள் இவர்தான். கூட்டம் என்ன செய்தது? கேலி பண்ணிக் கூச்சல் போட்டது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுஷனோட மண்டை உடைஞ்ச அதே இடத்துல, பதினாறு வருஷம் கழிச்சு, மண்டையைக் காப்பாத்திக்க நினைச்ச இன்னொருத்தரைப் பார்த்து ஊரே சிரிக்குது. ஏன்?

"அந்தக் காலத்துல வீரம், மானம்னு இருந்தாங்க" என்று வழக்கமாகப் பதில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் இன்றைய கதை. ஹெல்மெட் வேண்டாம் என்று சொன்னவர்களில் நிறைய பேரிடம் நியாயமான காரணங்கள் இருந்தன. சூடு, எடை, பார்வை, காது கேட்காதது, கழுத்து திருப்ப முடியாதது. இந்தக் காரணங்களை வெறும் சாக்கு என்று ஒதுக்கிய வரைக்கும் கவசம் பெட்டியில்தான் கிடந்தது. அவற்றை வடிவமைப்புக்கான கேள்வியாக எடுத்துக்கொண்ட பிறகுதான் அது தலைக்கு வந்தது.

மனைவி தைத்த தொப்பி

1978-க்கு 45 வருஷம் முன்னாடி போவோம். 1932-33 ஆஸ்திரேலியக் கோடையில் இங்கிலாந்து பவுலர்கள் உடம்பைக் குறிவைத்துப் பந்து போட்ட பாடிலைன் தொடர் நடந்தது. அடிலெய்ட் டெஸ்டில் ஆஸ்திரேலிய கேப்டன் பில் வுட்ஃபுல்லுக்கு நெஞ்சில் அடி. விக்கெட் கீப்பர் பெர்ட் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையோட்டில் முறிவு.

அதே 1933-ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்தைச் சந்திக்க பேட்ஸி ஹென்ட்ரன் என்ற 44 வயது ஆட்டக்காரர் விசித்திரமான ஒரு தொப்பியோடு வந்தார். அதில் மூன்று முனைகள். முன்னால் ஒன்று வழக்கம்போல; மற்ற இரண்டும் ரெண்டு பக்கமும் இறங்கி, காதையும் நெற்றிப்பொட்டையும் மூடின. உள்ளே ரப்பர் பஞ்சு. செய்து கொடுத்தது அவருடைய மனைவி.

எனக்கு இந்தத் தொப்பி ரொம்பப் பிடிக்கும். ஏன்னா இதை ஒரு வடிவமைப்பாப் பார்த்தா, கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் சரியாக் கேட்டிருக்கு. எங்கே அடிபட்டால் ஆபத்து? நெற்றிப்பொட்டு. போட்டுக்கொண்டு ஓட முடியுமா? முடியும், துணிதானே. பந்து தெரியுமா? தெரியும். குறை ஒன்றே ஒன்று: பந்தின் வேகத்தைத் தாங்கக் கெட்டியான ஓடு அதில் இல்லை. வசதி இருந்தது, பலம் இல்லை. அந்தத் தொப்பியும் பரவவில்லை. அடுத்த நாற்பது வருஷம் பேட்ஸ்மேன்கள் துணித்தொப்பியோடு, பலர் வெறுந்தலையோடுதான் நின்றார்கள்.

பைக் ஹெல்மெட் மைதானத்துக்கு வந்தது

எழுபதுகளில் நிலைமை மாறுகிறது. டென்னிஸ் லில்லி, ஜெஃப் தாம்சன், பிறகு மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்துப் படை. 1975-ல் ஆக்லாந்து டெஸ்டில் நியூசிலாந்தின் கடைசி ஆட்டக்காரர் யூவன் சாட்ஃபீல்டுக்கு பீட்டர் லீவர் போட்ட பந்து தலையில் பட்டது. இதயத்துடிப்பே நின்றுபோனது. இங்கிலாந்து அணியின் பிசியோ பெர்னார்ட் தாமஸ் ஓடிவந்து உயிரை மீட்டார்.

1977-ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர், உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கி, வேர்ல்ட் சீரிஸ் கிரிக்கெட் என்ற தனித் தொடரைத் தொடங்கினார். அதில் ஆடப்போன இங்கிலாந்தின் டென்னிஸ் அமிஸ், பர்மிங்ஹாமில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் செய்யும் ஒரு நிறுவனத்திடம் போய் நின்றார். எனக்கு ஒன்று வேணும், ஆனா பைக் ஹெல்மெட்டை விட லேசா இருக்கணும் என்பதுதான் அவர் கேட்டது. ஃபைபர்கிளாஸ் ஓடு, முன்னால் கண்ணாடி மாதிரி தெளிவான முகமூடி. அதோடு ஆஸ்திரேலியா போனார். அங்கேயும் முதலில் கேலிதான். அந்த டிசம்பரில் ஆண்டி ராபர்ட்ஸ் பந்தில் டேவிட் ஹூக்ஸின் தாடை உடைந்தது. அதற்குப் பிறகு அந்தத் தொடரில் ஹெல்மெட்டுகள் பெருகின.

ஆனா பைக் ஓட்டுறதும் பேட்டிங்கும் ஒண்ணா? பைக்கில் எதிர்க்காற்று அடிக்கும். பேட்ஸ்மேன் வெயிலில் மணிக்கணக்கா நிற்கணும். பைக்கில் நேராகப் பார்த்தால் போதும். பேட்ஸ்மேன் தோளுக்கு மேலே பார்க்கணும், குனியணும், சட்டென்று தலையை விலக்கணும், எதிர்முனை ஆள் கத்தும் 'யெஸ்', 'நோ' காதில் விழணும். அதனால் அடுத்த சில வருஷங்களில் பைக் ஹெல்மெட் மெல்ல மெல்ல உரிந்தது. தாடைப்பகுதி போனது. மூடிய கண்ணாடி போய் காற்று புகும் கம்பி கிரில் வந்தது. காதுப்பக்கத்தில் ஓட்டைகள் வந்தன. ஒவ்வொரு மாற்றமும் ஒரு பேட்ஸ்மேனின் புலம்பலுக்குக் கிடைத்த பதில்.

எல்லோரும் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை, ஆளாளுக்கு ஒரு வழி கண்டார்கள். இங்கிலாந்து கேப்டன் மைக் பிரேர்லி தொப்பிக்கு அடியில் பிளாஸ்டிக் கவசம் வைத்துக்கொண்டார். கவாஸ்கர் மண்டையோடு ஒட்டிய ஒரு சின்னக் கவசத்தைத் தேர்ந்தெடுத்தார். மொகிந்தர் அமர்நாத் 1979-ல் பம்பாய் டெஸ்டில், வெள்ளைக்கார துரைமார் போடுவாங்களே, அந்த சோலா தொப்பியோட வந்தார். விவ் ரிச்சர்ட்ஸ் கடைசி வரை தொப்பியோடு மட்டுமே ஆடினார்.

கொஞ்சம் இயற்பியல், பயப்படாதீங்க

ஒரு கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். 140 கிலோமீட்டர் வேகத்தில் அது வரும்போது அதில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 120 ஜூல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 12 கிலோ அரிசி மூட்டையை ஒரு ஆள் தலையில் போட்டால் என்ன ஆற்றலோ, அதே அளவு. மூட்டையாவது பரவலாக விழும். பந்து சில சதுர சென்டிமீட்டரில் மோதும்.

ஹெல்மெட்டுக்கு ரெண்டு வேலை. வெளியோடு கெட்டியாக இருந்து, ஒரே புள்ளியில் விழும் அடியைப் பெரிய பரப்புக்குப் பரப்பணும். உள்ளே இருக்கும் நுரை நசுங்கி, பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தை நீட்டணும். கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்போம் இல்லையா? அதே தத்துவம். நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால், சராசரி விசை பாதியாகும்.

அப்போ நுரையை ரெண்டு மடங்கு தடிமனாப் போட்டுட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். நுரை தடிமனானால் ஹெல்மெட் பெரிதாகும். பெரிதானால் எடை கூடும், கழுத்து வலிக்கும், தலையை விலக்குவது தாமதமாகும். வேகப்பந்து கையை விட்டு பேட்ஸ்மேனை அடைய அரை விநாடி கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் தலையை விலக்க முடிகிற பேட்ஸ்மேனுக்கு அடியே படாது. நுரை வெப்பத்தையும் வெளியே விடாது. காற்றுக்காக ஓட்டை போட்டால் ஓடு பலவீனமாகும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று அவிழும் முடிச்சு இது.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. அதனால்தான் 2019 ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி அடைந்த ஆட்டக்காரருக்குப் பதில் இன்னொருவர் முழுமையாக ஆடலாம் என்று ஐசிசி விதி கொண்டுவந்தது.

மூணு பந்துதானே

1998 பிப்ரவரி, டாக்கா. வங்கதேச கிளப் கிரிக்கெட்டில் ஆடிக்கொண்டிருந்தார் இந்தியாவின் ராமன் லாம்பா. பேட்ஸ்மேனுக்கு மிகப் பக்கத்தில், ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நிற்கப் போனார். ஹெல்மெட் போட்டுக்கோ என்று கேப்டன் சொன்னார். ஓவரில் மூணு பந்துதான் பாக்கி, பரவாயில்லை என்றார் லாம்பா. பேட்ஸ்மேன் ஓங்கி அடித்த பந்து நெற்றியில் பட்டு, விக்கெட் கீப்பர் கையில் கேட்சாகும் அளவுக்குத் தெறித்தது. மூன்று நாள் கழித்து லாம்பா இறந்துபோனார்.

இதை நாம எல்லாரும் செய்வோம், அதான் இதில் பயமான விஷயம். தெருமுனைக் கடை வரைக்கும்தானே என்று ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஊர் நம்ம ஊர். போடுவதும் கழற்றுவதும் எவ்வளவு தொந்தரவோ, அவ்வளவு சீக்கிரம் மனசு ஒரு கணக்குப் போட்டுவிடும்: மூணு பந்துதானே. ஆய்வகத்தில் ஒரு ஹெல்மெட் எவ்வளவு அடி தாங்கும் என்று அளக்கலாம். போட ஆள் சோம்பல்படுவாரா என்பதை அந்த இயந்திரம் அளக்காது.

பார்வைக்கான இடைவெளி

தொண்ணூறுகளுக்குப் பிறகு ஹெல்மெட் இல்லாத பேட்ஸ்மேனைப் பார்ப்பதே அரிதானது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, இடம் மாறியது. பெரும்பாலான ஹெல்மெட்டுகளில் கிரில்லை மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம். பந்து நன்றாகத் தெரியணும் என்று பேட்ஸ்மேன்கள் கிரில்லை இறக்கி, இடைவெளியை அகலப்படுத்திக்கொண்டார்கள்.

2014 ஜூலையில் அந்த இடைவெளி வழியாகப் புகுந்த பந்து, இங்கிலாந்தின் கிரெய்க் கீஸ்வெட்டரின் மூக்கையும் கண்ணைச் சுற்றிய எலும்பையும் உடைத்தது. பார்வை பழைய நிலைக்கு வராமல் அடுத்த வருஷமே ஓய்வு பெற்றார். வயது 27. ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்ட் டெஸ்டில் நம்ம வருண் ஆரோன் போட்ட பவுன்சர் அதே வழியில் புகுந்து ஸ்டூவர்ட் பிராடின் மூக்கை உடைத்தது.

அதற்கு முந்தைய வருஷமே புதிய பிரிட்டிஷ் தரக்கட்டுப்பாடு வந்திருந்தது: பிஎஸ் 7928:2013. ஓடு அடி தாங்குமா என்று பார்ப்பதோடு, பந்தை வேகமாக முகப்பகுதியில் எறிந்து, அது இடைவெளியில் நுழைகிறதா, கிரில் வளைந்து முகத்தைத் தொடுகிறதா என்றும் இதில் சோதிக்கிறார்கள். பெரியவர்களுக்கான பந்துக்கும் சிறுவர்களுக்கான சின்னப் பந்துக்கும் தனித்தனிச் சோதனை. பந்து புகும் அளவுக்கு கிரில்லை இறக்கும் வசதி போனது. சர்வதேச ஆட்டங்களில் ஹெல்மெட் போட்டால் இந்தத் தரத்தில்தான் இருக்கணும் என்று 2017-ல் ஐசிசி விதித்தது.

முதலில் நிறைய பேருக்கு இது பிடிக்கவில்லை, கம்பி கண்ணை மறைக்கிறது என்றார்கள். ஆனால் கண் பழகிக்கொண்டது. எல்லா வசதிக் குறைவும் ஒரே மாதிரி இல்லை என்பதை இதில் கவனிக்கணும். சில குறைகள் ரெண்டு வாரத்தில் பழகிப்போகும். சில எப்போதும் பழகாது. எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலையில் பாதி.

கழுத்து

2014 நவம்பர் 25, சிட்னி கிரிக்கெட் மைதானம். சவுத் ஆஸ்திரேலியாவுக்காக ஆடிய ஃபிலிப் ஹியூஸ் 63 ரன்னில் இருந்தார். ஒரு பவுன்சரை ஹூக் செய்யத் திரும்பினார். பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தின் இடது பக்கம் பட்டது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. இரண்டு நாள் கழித்து இறந்தார். அவருடைய 26-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அவர் போட்டிருந்தது பழைய மாடல். ஆனால் பந்து பட்ட இடத்தை அப்போது இருந்த புது மாடலும் மூடியிருக்காது என்று கிரிக்கெட் ஆஸ்திரேலியா நியமித்த விசாரணை சொன்னது. முப்பத்தேழு வருஷமாக எல்லோரும் தலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஹெல்மெட்டின் பின்பக்கத்தைக் கீழே நீட்டிவிடலாமே? முடியாது. பேட்ஸ்மேன் தலையை நிமிர்த்தினால் கெட்டியான ஓடு முதுகில் இடிக்கும். பிளாஸ்டிக்கும் நுரையும் கலந்த தனித்துண்டுகளாகக் கழுத்துக்காப்பு வந்தது. ஹெல்மெட்டின் பின்னால் கிளிப் மாதிரி மாட்டலாம், தலையைத் திருப்பினால் அதுவும் வளைந்துகொடுக்கும். நல்ல தீர்வு. ஆனால் மாட்டலாம் என்றால், மாட்டாமலும் இருக்கலாம் இல்லையா?

உலகத்தின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவரான ஸ்டீவ் ஸ்மித் மாட்டவில்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில், 80 ரன்னில் இருந்த அவருடைய கழுத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து பட்டது. வேகம் 148 கிலோமீட்டருக்கும் மேல். கீழே சாய்ந்தார். மைதானமே அமைதியானது, எல்லோருக்கும் ஹியூஸ் நினைவு. ஸ்மித் எழுந்து போனார், திரும்பி வந்து 92 வரை ஆடினார், மறுநாள் மூளை அதிர்ச்சி அறிகுறியோடு விலகினார். அவருக்குப் பதில் இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் மூளை அதிர்ச்சி மாற்று ஆட்டக்காரர்.

ஏன் மாட்டவில்லை என்று கேட்டதற்கு, அதைப் போட்டால் அடைபட்ட மாதிரி இருக்கு, இதயத்துடிப்பே ஏறுது, எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு என்று ஸ்மித் விளக்கினார். இதைப் படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. ஹியூஸ் அடிபட்ட அன்று அதே மைதானத்தில் எதிரணியில் ஆடிக்கொண்டிருந்தவர் ஸ்மித்தின் நெருங்கிய சகாக்கள். ஆபத்து தெரியாத ஆளில்லை அவர். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் 2023 அக்டோபர் 1 முதல், வேகப்பந்தைச் சந்திப்பவர்களுக்குக் கழுத்துக்காப்பு கட்டாயம் என்று கிரிக்கெட் ஆஸ்திரேலியா விதி போட்டது. ஸ்மித்தும் மாட்டிக்கொண்டார். ஹியூஸ் இறந்து ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அப்போ விதி போட்டால் போதுமா, வசதி எதற்கு? விதி சர்வதேச ஆட்டத்தில் செல்லும், கேமரா இருக்கும் இடத்தில் செல்லும். வலைப்பயிற்சியில், ஞாயிற்றுக்கிழமை லீக்கில், ஸ்கூல் கிரவுண்டில் அம்பயர் யாரு? அங்கே ஒருவர் கவசத்தைப் போடுவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வியர்வையும் கழுத்துவலியும்தான்.

அதனால கோச்சிங் போற தம்பி, தங்கச்சிக்கு ஹெல்மெட் வாங்குறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம் சொல்லிடறேன். ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி 'வளர்ற பிள்ளை'ன்னு ஒரு சைஸ் பெரிசா வாங்காதீங்க. ஆடுற ஹெல்மெட் கண்ணை மறைக்கும், அடி விழும்போது நகர்ந்துடும், பிள்ளை ரெண்டாவது நாளே கழற்றி ஓரமா வச்சிடும். உள்ளே பிஎஸ் 7928:2013 லேபிள் இருக்கான்னு பாருங்க, அது சிறுவர் பந்துக்குச் சோதிச்சதான்னும் பாருங்க. பலமா ஒரு அடி வாங்கின ஹெல்மெட், வெளியே கீறலே இல்லாட்டியும், உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம், மாத்திடுங்க. கடையில அஞ்சு நிமிஷம் போட்டுக்கிட்டே குனிஞ்சு நிமிர்ந்து ஸ்டான்ஸ் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. 'இங்க இடிக்குது'ன்னு பிள்ளை சொன்னா, அதட்டாம வேற ஒண்ணை எடுத்துக் கொடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.